திருமுருகன் சாருங்களா?

திருமுருகன் என்பவன் கறுப்பா சிவப்பா என்று சகாயமேரிக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும். அவன் காலுக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு வேண்டும். இடதுபக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது. மீதியை முடிக்க வரச்சொல்லி பல் ஆஸ்பத்திரிப் பெண் மாதம் தவறாமல் கெஞ்சுகிறாள். ஜிம்மில் சேர்ந்தான், போகவில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தான், அது கிழிந்தது, புகார் கொடுத்தான். பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட ஒரு தாய்க்கு இவ்வளவு தெரியாது. அவள் பெற்ற பிள்ளையைப் பற்றித்தான் இப்போது அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு செருப்புக் கடையின் குறுஞ்செய்தியில் இது ஆரம்பித்தது. ‘அன்புள்ள திருமுருகன், எங்களிடம் வாங்கியதற்கு நன்றி.’ யாரோ நம்பரைத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள். பிறகு மருந்துக் கடை, துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் என்று வரிசை கட்டியது. இந்தக் காலத்தில் ஒரு டஜன் ஊக்கு வாங்கினாலும் பில் போடுகிற பிள்ளை பொருளைத் தொடுவதற்கு முன் போன் நம்பரைத்தானே கேட்கிறது. கடைக்காரர்கள் நம்பரைத் தங்களோடு வைத்துக்கொண்டாலாவது பரவாயில்லை. கல்யாண வீட்டு வெற்றிலைத் தட்டு மாதிரி கைக்குக் கை மாற்றிவிட்டார்கள். கடன் வேண்டுமா என்று ஒருத்தி, காப்பீடு வேண்டுமா என்று ஒருத்தன், குத்தம்பாக்கம் புது பஸ் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் மனை இருக்கிறது என்று இன்னொருத்தன். எல்லாருக்கும் ஒரே பல்லவி. “வணக்கம், திருமுருகன் சாருங்களா?”

“நம்பர மாத்திட்டுப் போவியா, அத்த வுட்டுட்டு புலம்பிக்கினு” என்றான் அவள் கணவன் செபாஸ்டியன். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவனுக்கு எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே வரியில் தீர்வு இருந்தது. 

நம்பரை எப்படி மாற்றுவாள்? மகன் ரிச்சர்ட் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அது ஒரு ஓட்டைக் கப்பல், நடுக்கடலில் இன்டர்நெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் தொலைபேசிக்கு எல்லாரும் முறைபோட்டு நின்று ஆளுக்குச் சில நிமிஷம் பேசுவார்கள். அந்த அழைப்பு எட்டு ஏழு பூஜ்யம் என்று ஆரம்பிக்கிற, வாயில் நுழையாத ஒரு நீள நம்பரிலிருந்து வரும், துறைமுகத்தில் இறங்கினால் கிழமை பார்க்காமல் யார் போனிலிருந்தாவது வரும். திருப்பி அடித்தால் போகாது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அம்மாவின் நம்பர் ஒன்றுதான். தெரியாத நம்பர்களை அடைத்துவிடலாம் ஆன்ட்டி என்று எதிர்வீட்டு ரோஷினி சொன்னபோது, “அடைச்சா எம்புள்ளையும் சேர்ந்துதான அடைபடுவான்” என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். ரோஷினி பாவம், கரைக்கு வந்தால் அவன் எழுதட்டும் என்று மெயில் கணக்கு ஒன்று திறந்து கொடுத்தாள். அதிலும் விளம்பரக் குப்பை வந்து நிரம்பி, இனிமேல் இடமில்லை என்று அது கதவைச் சாத்திக்கொண்டது.

அதனால் எந்த நம்பர் அடித்தாலும் அவள் எடுப்பாள். குளியலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து எடுப்பாள். குழம்பு அடிப்பிடித்தாலும் எடுப்பாள். எடுத்தால், “திருமுருகன் சாருங்களா?” நெஞ்சில் ஏறிய உயிர் அப்படியே வயிற்றில் போய் விழும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு மனுஷி செத்துப் பிழைப்பாள்?

கடைசியாகப் பேசியபோது ரிச்சர்டுக்குக் காய்ச்சல். “ஒண்ணுமில்லமா, மாத்திர போட்டுகினேன்” என்றான். குரல் கம்மியிருந்தது. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போய்விட்டது, அழைப்பில்லை. ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டால் கப்பல் பத்திரமாக இருக்கிறது என்றார்கள். என் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு, ஒரு தனி ஆளின் உடல்நிலையைப் போனில் சொல்லக்கூடாது, அது அந்தரங்கம் என்றார்கள். ஊர்பேர் தெரியாத ஒருத்தனின் சொத்தைப் பல் வரைக்கும் அவளுக்குக் கூப்பிட்டுச் சொல்லுகிற உலகம், சொந்தப் பிள்ளையின் காய்ச்சலை மட்டும் பொத்திப் பொத்தி வைக்கிறது.

இந்த ஞாயிறு காலைப் பூசைக்குப் போனாள். ரிச்சர்ட் கப்பலேறிய நாளிலிருந்து கடைசி பெஞ்சில், வாசல் ஓரம்தான் அவள் இடம். போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, முந்தானைக்குள் கையில் பிடித்திருப்பாள். பூசைக்குப் போன் கொண்டுவராதீர்கள் என்று பங்குச் சாமியார் வாராவாரம் சொல்வது தனக்கில்லை என்று அவளாக ஒரு சலுகை எடுத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேற்ற நேரம். மணி அடித்து, சாமியார் அப்பத்தை உயர்த்த, கோவில் முழுக்க முழந்தாளில். அந்த நேரத்தில் கட்டை விரலைக்கூட அசைக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்தார்கள். போன் அதிர்ந்தது. நம்பர் தெரியாதது. அவள் எழுந்து வெளியே ஓடினாள். பெஞ்சு இடித்துச் சத்தம் வந்தது, தலைகள் திரும்பின.

“ரிச்சர்டு” என்றாள் மூச்சு வாங்க.

“வணக்கம், திருமுருகன் சாருங்களா? குட்டிப் பையன் பர்த்டே வருதே சார், கேக் ஆர்டர் இப்பவே போட்டீங்கன்னா...”

“பூசையில கீறேம்மா நானு” என்றாள் சகாயமேரி. அழுகை வரவில்லை, அதைத் தாண்டிவிட்டிருந்தாள். உள்ளே போனபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக்கூடாது என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வரிசைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். 

பூசை முடிந்ததும் போனின் சத்தத்தைத் திறந்துவிட்டு, கொசுவலைக் கம்பெனி அனுப்பிய பழைய செய்தியைத் தேடி எடுத்தாள். நூம்பல், குடியிருப்பின் பெயர், பி பிளாக், மூன்றாவது மாடி என்று விலாசம் முழுக்க இருந்தது. 

“எங்க கெளம்பிட்ட?” என்றான் செபாஸ்டியன் கோவில் வாசலில்.

“திருமுருகன் ஊட்டுக்கு.”

“எந்தத் திருமுருகன்?”

“நம்ம திருமுருகன்தான், வேற யாரு” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கைகாட்டினாள். அவன் கறிக்கடைக் கூட்டத்தைச் சாக்குச் சொல்லி நின்றுகொண்டான்.

அயப்பாக்கம், திருவேற்காடு என்று சுற்றி வேலப்பன்சாவடி தாண்டி நூம்பல் போய்ச் சேரும் வரைக்கும், கேட்கவேண்டியதையெல்லாம் மனதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தாள். குடியிருப்பின் வாசலில் காவலுக்கு இருந்தவர் எத்திராஜ். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. கையில் ஒரு டேப்லெட்.

“எந்த ஊட்டுக்கும்மா?”

சொன்னாள்.

“சரி, ஒம் போன் நம்பர் சொல்லு.”

சகாயமேரி சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பில்லை அது. “எதுக்கு?”

“நம்பர் போட்டாத்தாம்மா கேட்டு தொறக்கும். ஓடிபி வரும், அத்த சொல்லணும், ஒரு போட்டோ புடிக்கணும். நானு இன்னா பண்றது, அசோசியேசன் ரூல்சு” என்றார் எத்திராஜ். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நம்பரைச் சொன்னாள், ஓடிபியைச் சொன்னாள், போட்டோவுக்கு முகத்தைக் காட்டினாள். நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் நம்பர் பிரச்சினையைப் பேச உள்ளே போக முடிந்தது.

கதவைத் திறந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி, அரைக்கால் சட்டை, மரியாதையான முகம். இப்படி ஒரு சாதுவான முகத்தை அவள் எதிர்பார்க்கவில்லை, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அவன் பின்னால் சோபாவில் ஒரு சின்னப் பையன் குதித்துக்கொண்டிருந்தான்.

“யாரும்மா நீங்க? யாரப் பாக்கணும்?” பேச்சில் தெற்கத்தி வாடை.

“நான்தான் திருமுருகன்” என்றாள் சகாயமேரி.

அவன் ஒரு அடி பின்னால் போனான். சமையலறையிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஒம்போதாம் நம்பர் செருப்பு. இடது பக்கம் கீழ கடவாப் பல்லு, பாதியில வுட்டு வெச்சிகீற, போய்ப் பாரு, அந்தப் பொண்ணு பாவம். ஜிம்முக்கு பணம் கட்டிட்டு போவல. இந்தா குதிக்கறானே, இவனுக்கு பொறந்த நாள் வருது.”

திருமுருகனின் முகம் வெளிறிவிட்டது. “என்னோட டேட்டா எப்படி உங்க கைக்கு வந்துச்சு?”

“நீதான் குடுத்த” என்று சொல்லி, தன் போன் நம்பரைப் பத்து இலக்கமும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பாதி சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. கடைசி இலக்கம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டான்.

உட்காரவைத்தான். அவன் மனைவி சுதா தண்ணீர் கொண்டுவந்தாள். அவனுக்கு வேலையே ஒரு கம்பெனியில் தகவல் பாதுகாப்பாம். மேஜைமேல் மூடாமல் கிடந்த லேப்டாப்பின் கேமரா கண்ணில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கடைகளில் கொடுக்கிற நம்பர் எங்கெங்கே போகிறது, யார் யார் விற்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தவன் என்பதால், எந்தக் கடையிலும் தன் உண்மையான நம்பரை அவன் சொன்னதே இல்லை. கடைசியில் இருக்கிற எட்டை மட்டும் ஏழாக்கிச் சொல்லிவிடுவானாம். அப்போதுதான் வாய் தடுமாறாமல் சட்டென்று வருமாம். இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப்பார்த்தது.

“அந்த ஏழுல ஒரு ஆள் இருக்கும்னு தோணலையா ஒனக்கு?”

“அது... சும்மா ஒரு நம்பர்தானேம்மா.”

“அந்த ஏழுல நான் கீறேன் தம்பி.”

“நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே” என்றாள் சுதா. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, இவன் அந்தரங்கத்தைக் காப்பாற்ற எவள் வீட்டு நம்பரையோ எடுத்து ஊர் முழுக்க வாரி இறைத்திருக்கிறான்.

“மன்னிச்சிருங்கம்மா. இனிமே ஆறுன்னு சொல்லுதேன்.”

“ஆறுல எவ கீறாளோ” என்றாள் சகாயமேரி. 

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. இப்போதே ஒவ்வொரு கடைக் கணக்கிலிருந்தும் உங்கள் நம்பரை எடுத்துவிடுகிறேன் என்று லேப்டாப்பை இழுத்து வைத்தான். அதுவும் லேசில் முடிகிற காரியமாக இல்லை. நம்பரை நீக்க வேண்டுமென்றால், நீக்குகிறவர் அந்த நம்பருக்குச் சொந்தக்காரர்தானா என்று சோதிக்க அவள் போனுக்கு ஓடிபி வரும். அவள் கண்ணாடி போட்டு, தேடி, படித்துச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

“குடுங்கம்மா, நானே பாத்துக்கிடுதேன், சீக்கிரம் முடியும்” என்று போனைக் கேட்டான். கொடுத்தாள். சுதா காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

ரிச்சர்டைப் பற்றி அவள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும், அழுதுவிடுவோம், அழுதால் இவன் ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பான், வந்த கோபம் வீணாய்ப் போகும் என்று பயம். சண்டை போட வந்த இடத்தில் எதற்குப் பிள்ளை கதை என்று இருந்துவிட்டாள்.

திருமுருகன் வேகமாக வேலை செய்தான். ஒவ்வொரு கடையாகக் கழன்றது. உண்டாக்கிய தொல்லைக்குப் பரிகாரமாக, போலி அழைப்புகளைக் கண்டுபிடித்துத் தடுக்கிற ஒரு செயலியையும் அவள் போனில் ஏற்றினான். “இனி உங்களுக்கு ஒரு தொல்லையும் இருக்காதும்மா” என்றான். உண்மையிலேயே நல்லது செய்கிற முகம். சகாயமேரிக்கும் கோபம் சற்று இறங்கி, காப்பி நன்றாக இருக்கிறது என்று சுதாவிடம் சொல்லத் தோன்றியது.

அப்போது போன் அடித்தது. அடித்ததும் திரை முழுக்கச் சிவப்பானது. ஒரு மணி முழுதாக அடித்து முடிப்பதற்குள் அவன் கட்டைவிரல் அதைத் துண்டித்து, இன்னொரு தட்டில் அந்த நம்பரை அடைத்தும் விட்டது.

“பாத்தீங்களா, எப்படிக் கண்டுபிடிச்சிருச்சு” என்றான்.

“இன்னா நம்பர் அது?”

“ஏதோ ஃபிராடும்மா. எட்டு ஏழு பூஜ்யம்னு ஆரம்பிக்கி. அந்தக் கோடுக்கு எந்த நாடுமே கிடையாது.”

காப்பி டம்ளர் அவள் கையிலிருந்து விழவில்லை. மெதுவாக அதை மேஜைமேல் வைத்தாள். “நாடு கிடையாதுதான் தம்பி” என்றாள். “அது கடலு.”

பிறகு சொன்னாள். கப்பலை, முறைபோட்டு நிற்கும் வரிசையை, காய்ச்சலை, மூன்று ஞாயிறை, எல்லாவற்றையும் சொன்னாள். பயந்தபடியே குரல் உடைந்தது. ஆனால் திருமுருகன் ஆறுதல் சொல்லவில்லை. அடைத்ததைத் திறந்தான், ஏற்றிய செயலியைக் கழற்றி எறிந்தான், அந்த நம்பருக்குத் திருப்பி அடித்துப் பார்த்தான். ஆங்கிலத்தில் ஒரு பதிவுக் குரல் ஏதோ சொல்லி வைத்துவிட்டது. இன்னொரு தடவை அடித்தான், அதே குரல்.

“மறுபடி கூப்பிடுவாருல்லாம்மா?” என்றாள் சுதா.

“ஒரு வாட்டி எடுக்கலன்னா அடுத்தவனுக்கு குடுத்துடணுமாம். அதான் மொற.”

போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோபாவில் குதித்த பையனை சுதா உள்ளே அனுப்பினாள். அடித்திருக்கிறான் என்றால் எழுந்து நடமாடுகிறான் என்றுதானே அர்த்தம் என்று சகாயமேரி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். உடனே இன்னொரு நினைப்பு வந்தது. அடித்தது அவன்தான் என்று யார் சொன்னது? அவனால் முடியாமல், கப்பலில் வேறு யாராவது அவளுக்குத் தகவல் சொல்லக் கூப்பிட்டிருந்தால்? இந்த நினைப்பை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் உதடு அசைந்தது.

போன் அடித்தது. மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். சகாயமேரிதான் எடுத்தாள்.

“வணக்கம், திருமுருகன் சாருங்களா? எங்க மெத்தைக் கடையில...”

அவள் போனை அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கினான். “திருமுருகன்தான் பேசுதேன். இது என் நம்பர் இல்ல. என் நம்பரை எழுதிக்கிடுங்க” என்று சொல்லி, தன் சொந்த நம்பரைச் சொன்னான். எந்தக் கடைக்காரனுக்கும் சொல்லாத அந்தக் கடைசி எட்டை, “எட்டு. ஏழு இல்ல, எட்டு” என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் வேறொருத்தி கூப்பிட்டாள், குத்தம்பாக்கம் மனை. அவளுக்கும் சொன்னான். இனி அவன் பாடு. 

ரிச்சர்ட் கூப்பிடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், அவளுக்கு இறங்காது என்று தெரியும். திருமுருகன் வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று எழுந்துகொண்டாள். வண்டிச் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காமல் போனால் என்ன செய்வது? தன் நம்பர் அவளுக்குத் தெரிந்திருக்க ஒரு தடவை அடித்துக் காட்டவா என்று அவன் கேட்டதற்கு, அது மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அடிக்கவில்லை. கடன் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, மனை வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷமாக அந்தோணியாரிடம் மெழுகுவத்தி ஏற்றி ஏற்றிக் கேட்டது இந்த அமைதியைத்தான். இப்போது அது கிடைத்து, கிணற்றுக்குள் நிற்பதுபோல் பயமாக இருந்தது. சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தாள். சத்தம் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு பஸ் வந்தது, அதில் கூட்டமும் இரைச்சலுமாக இருந்ததால் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

போன் அடித்தது.

திரையில் இருந்தது அவளுடைய நம்பரேதான் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கடைசியில் எட்டைப் பார்த்தாள்.

“அம்மா, திருமுருகன் பேசுதேன்” என்றது மறுமுனை. “மனசு கேக்கல. தம்பி கூப்பிட்டுட்டாராம்மா?”

சகாயமேரி கண்ணை மூடிக்கொண்டாள். “போன வை தம்பி” என்றாள். “நீ பேசிக்கினு கீறியே, அவன் எப்படி வருவான்?”